ஒரு பல்லு முந்துன வண்டி

எங்க ஊஞ்சக்காட்டுப்புதூர்ல ஒரு டிராக்டரு நாளைக்கு உழப்போற சத்தம் இன்னைக்கே கேட்டுக்கிட்டிருந்துச்சு. இதைச் சொன்னா தாராபுரத்துக்காரங்க சிரிக்கறாங்க. சிரிக்கட்டும், அவுங்க ஊர்ல இன்னைக்கு வரவேண்டிய பஸ்ஸு நாளைக்கு வருது, அதை மட்டும் ஒருத்தரும் அதிசயம்னு சொல்லக் காணோம்.

வண்டி சென்னியப்பனோடது. பெயிண்ட்டு போயி, பானெட்டு நசுங்கி, சீட்டுல சாக்கை மடிச்சுப் போட்டு ஓட்டற பழைய வண்டி, ஆனா ஊருக்கே அது ஒண்ணுதான். சென்னியப்பன் எகத்தாளக்காரன். எழவு ஊட்டுல கூட ஒரு பேச்சுப் பேசி நாலு பேரைச் சிரிக்க வெச்சுட்டுத்தான் வருவான், இடுப்புல பச்சை பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கிட்டு வண்டியில ஏறினான்னா அவனுக்கு ராஜா மகன்னு நெனைப்பு. அவன் பொண்டாட்டி பூவாத்தா நேர் எதிர், பேச்சு கம்மி, சுத்தம் எச்சு. அவ ஊட்டு ஆட்டுக்குட்டியே கால் கழுவிட்டுத்தான் வாசப்படி ஏறோணும்னு நாங்க கேலி பண்ணுவோம், அவ அதுக்கும் சிரிக்க மாட்டா, ஆட்டுக்குட்டி காலைப் பாப்பா.

அந்த வருசம் வண்டி டீசலா குடிச்சுத் தள்ளுச்சு, கருகருன்னு பொகைச்சுச்சு, மேடேறினா மூச்சு வாங்குச்சு. மூலனூர் ரோட்டுல பட்டறை வெச்சிருக்கற ஜெய்லானி பாய் வந்து பாத்துட்டு, "சென்னி, டீசல் பம்ப்பு தேஞ்சு போச்சுப்பா, கழட்டி டவுனுக்கு அனுப்பினாத்தான் ஆச்சு"ன்னாரு. டீசல் பம்ப்புன்னா வேற ஒண்ணுமில்லை, இஞ்சின்ல ஒவ்வொரு வெடிக்கும் எப்ப டீசலைப் பீச்சோணுமோ அப்பப் பீச்சற சாமான். சித்த முந்திப் பீச்சினாலும் கெட்டுது, பிந்திப் பீச்சினாலும் கெட்டுது. நேரந்தவறாம இருக்கத்தான் பம்ப்புல ஒரு பல்சக்கரம், இஞ்சினுக்குள்ள ஒரு பல்சக்கரம், இந்தப் பல்லு அந்தப் பல்லோடதான் சேரோணும்னு ரெண்டுலயும் ஒரு புள்ளி. பழைய வண்டியில அந்தப் புள்ளியெல்லாம் எப்பவோ தேஞ்சு போயிருந்துச்சு, அதனால பாய் கழட்டறப்பவே வெள்ளைப் பெயிண்ட்டைத் தொட்டு உள்ள இருக்கற பல்லுல ஒண்ணு, கழட்டின சக்கரத்துப் பல்லுல ஒண்ணு வெச்சுக்கிட்டாரு.

பம்ப்பு சரியாகி வந்த அன்னைக்கு ஆயுத பூசை. பாய் வர மத்தியானம் ஆயிருச்சு. அதுக்குள்ள பூவாத்தா, வாசல்ல சாக்கு மேல கெடந்த ஸ்பேனரு, போல்ட்டு, பல்சக்கரம் ஒண்ணு உடாம மண்ணெண்ணெயில தேய்ச்சு, சோப்புத்தூள் போட்டு வெளக்கி, வெயில்ல காய வெச்சு, அருவா கடப்பாரையோட வரிசையா அடுக்கி, எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம் வெச்சு, பொரி கடலை படைச்சு, கற்பூரமும் காட்டி முடிச்சிருந்தா. பாய் வந்து பல்சக்கரத்தைக் கையில எடுத்தாரு. ஒரே ஒரு பல்லுல குங்குமம். நம்ம புள்ளி மேலதான் தங்கச்சி பொட்டு வெச்சிருக்குதாட்ட இருக்குதுன்னு நெனைச்சாரு. பூசை பண்ணின பொட்டைத் தொடைச்சுப் பாக்கறது மரியாதை இல்லைன்னு, தொடைக்காம, அந்தப் பல்லையே உள்ள இருந்த வெள்ளைப் புள்ளியோட சேத்து மாட்டினாரு.

தேங்காய் ஒடைச்சோம். சக்கரத்துக்கடியில எலுமிச்சம்பழம் வெச்சோம். பாய் சாவியைத் திருப்பினாரு. இஞ்சின் ஆடுச்சு, சைலன்சர்ல பொகை வந்துச்சு, எலுமிச்சம்பழம் நசுங்குச்சு, ஆனா சத்தம் மட்டும் இல்லை. நாங்க ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கிட்டு நிக்கறப்ப மேக்கால அர்த்தனாரி காட்டுல இருந்து சத்தம் வந்துச்சு, டக்டக்குனு தட்டிக்கிட்டு, மேடேறி, எறங்கி, கலப்பையைத் திருப்பிப் போட்டு, அப்பட்டமா இதே வண்டி உழற சத்தம். போயிப் பாத்தா காடு காலியாக் கெடக்குது. மறுநாள் அதே காட்டுல, அதே நேரத்துல, சென்னியப்பன் வண்டி ஒரு சத்தமும் இல்லாம உழுதுக்கிட்டிருந்துச்சு.

மொத நாள் அருவாளைத் தூக்கிட்டு ஓடினவங்க உண்டு, காப்புக் கட்டினவங்க உண்டு, பக்கத்தூரு வண்டிச் சத்தம் காத்துல வருதுன்னு அறிவாளியாட்டம் பேசினவங்களும் உண்டு. கொஞ்ச நாள்ல ஒருத்தரும் தலை நிமுந்து பாக்கறதில்லை. காலையில வாசல் தெளிக்கறப்பவே காதைக் குடுத்து, இன்னைக்கு எந்தப் பக்கம் கேக்குதோ நாளைக்கு அங்க உழவுன்னு தெரிஞ்சுக்குவோம், காட்டுக்காரன் முள்ளு வெட்டிப் போடுவான், அவன் ஊட்டுல உழவுக்குப் போறவங்களுக்குச் சோத்துக்கு அரிசி ஊற வெப்பாங்க. வண்டி எனக்கு மொதல்ல, உனக்கு மொதல்லன்னு வருசா வருசம் நடக்கற சண்டையும் நின்னு போச்சு, சத்தம் யாரு காட்டுல கேக்குதோ அவனுக்குத்தான்னு ஆனப்பறம் யாரு கிட்டப் போயிச் சண்டை போடறது?

ஒரே ஒரு தொந்தரவு. சத்தமில்லாம வர்ற வண்டி ஆட்டுக்கும் தெரியாது, ஆளுக்கும் தெரியாது. பூவாத்தா வண்டி மூக்குல மாட்டு மணியைக் கட்டிப் பாத்தா, அந்த மணியும் வண்டியோட சேந்து ஒரு நாள் முந்தியே ஆடப் பழகிருச்சு. ஹாரனும் அப்படித்தான். மனுசன் தொண்டை மட்டும் அதுக்குக் கட்டுப்படலை. அதனால பூவாத்தாவே வண்டிக்கு முன்னால, ரெண்டு பக்கமும் வேலி வெச்ச இட்டேரித் தடத்துல நடந்துக்கிட்டு, "வண்டி வருது, வண்டி வருது, ஒதுங்கிக்கங்க"ன்னு கத்திக்கிட்டுப் போவா. பேச்சே வராத பொம்பளை அப்படிக் கத்தறதை நாங்க ஆரம்பத்துல வாயைப் பொத்திக்கிட்டு வேடிக்கை பாத்தோம். "வண்டிக்கு வாய் எம்பொண்டாட்டிதான், எனக்கு மட்டும்தான் அவ வாயைத் தொறக்க மாட்டேங்கறா"ன்னு சென்னியப்பன் சீட்டுல உக்காந்துக்கிட்டுச் சொல்லுவான்.

கேட்ட சத்தம் நடக்காம போகாதுன்னு எங்களுக்குப் புரிய வெச்சது அர்த்தனாரியோட தம்பி குழந்தவேலு. அண்ணந்தம்பி ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு துண்டு நெலம், கோர்ட்டுல கெடக்குது, ஒருத்தரும் கால் வெக்கக் கூடாது. ஒரு நா காலையில அந்தத் துண்டுக்குள்ள வண்டி குறுக்க ஓடற சத்தம் கேட்டுச்சு. குழந்தவேலு குதிச்சான். எவன் ஓட்டறான்னு நாளைக்குப் பாக்கறேன்னு சொல்லி, வேலியை ரெட்டை முள்ளா அடைச்சு, கட்டில் போட்டுக் காவலுக்கு உக்காந்துட்டான். விடிஞ்சா அவன் மகளுக்கே பிரசவ வலி. தடத்துல காத்துக்குச் சாஞ்ச வேலமரம் கெடக்குது, காரு வர வழியில்லை. குழந்தவேலே அருவாளை எடுத்து, தான் அடைச்ச வேலியைத் தானே வெட்டி, "ஓட்டுடா சென்னி, குறுக்க உட்டு ஓட்டுடா"ன்னு கத்தினான். புள்ளை தாராபுரம் ஆஸ்பத்திரி வாசல்ல பொறந்து தாயும் புள்ளையும் சுகமா வந்தாங்க. அதுக்கப்பறம் சத்தத்தோட மல்லுக்கு நிக்க ஒருத்தரும் போகலை.

ஜெய்லானி பாய்க்கு மட்டும் மனசு ஆறலை. டீசல் பில்டரை மாத்தினாரு, பைப்புல காத்து அடைச்சிருக்குதான்னு எறக்கிப் பாத்தாரு, பீச்சற நாசிலை எல்லாம் கழட்டிப் பாத்தாரு. வண்டி கிட்ட நின்னா ஒண்ணும் கேக்காது, காதுல கேக்காம அவரு எங்க போயிக் கோளாறு கண்டுபுடிக்கறது? கடைசியா ஒரு யோசனை பண்ணினாரு. "நாளைக்கு இந்நேரம் நான் இங்க வந்து, ஓடற வண்டியில ஒவ்வொரு பைப்பு நட்டாத் தளத்தப் போறேன். எந்த நட்டைத் தளத்தறப்போ அந்தத் தட்டல் அடங்குதோ அந்தச் சிலிண்டர்லதான் கோளாறு. அதை இன்னைக்கே கேட்டுக்கறேன்"னாரு. வெறும் வாசல்ல, வண்டியே இல்லாத எடத்துல, ஸ்டூல் போட்டு உக்காந்து கண்ணை மூடிக்கிட்டாரு. சத்தம் வந்துச்சு. ஒவ்வொரு நட்டாத் தளர, இஞ்சின் தணிய, தட்டல் மட்டும் மாறவே இல்லை. மறுநாள் பாய் சொன்ன நேரத்துக்கு வந்து, ஒண்ணுமே கேக்காத வண்டியில நட்டெல்லாம் தளத்தி மறுபடியும் இறுக்கிட்டுப் போனாரு, வேற வழி?

"எல்லாத்துலயும் ஒரே மாதிரித் தட்டுது. அப்ப கோளாறு சிலிண்டர்ல இல்லை, பம்ப்பு பீச்சற நேரத்துல. டைமிங் முந்தி நிக்குது. மூடியைத் தொறந்து பாத்துட்டா அரை நாள் வேலை"ன்னாரு பாய்.

நாங்கதான் வேண்டாம்னோம். உள்ளதைச் சொன்னா என்ன, ஊரே கூடி வேண்டாம்னோம். விதைப்பு நேரத்துல அரை நாள் எவனுக்கு இருக்குது, இப்ப என்ன கெட்டுப் போச்சு, சண்டை சச்சரவு இல்லாம ஊரு கம்முனு இருக்குது, அதைப் போயிக் கெடுக்கறீங்களேன்னு ஆளுக்கொண்ணு பேசினோம். பாய் ஸ்பேனரைத் தொடைச்சுப் பைக்குள்ள போட்டுக்கிட்டே, "முந்திப் பீச்சற வண்டி என்னைக்காச்சும் ஒடைச்சுக் காட்டும். எதை ஒடைக்கும்னு எனக்குத் தெரியாதும்மா"ன்னாரு. நாங்க டீ குடுத்து அனுப்பி வெச்சோம்.

அது தை பொறக்கறதுக்கு முந்தின வாரம். அர்த்தனாரி தோட்டத்துல நாங்க பொம்பளைங்க எல்லாம் சின்ன வெங்காயத்துக்குக் களை வெட்டிக்கிட்டிருந்தோம், பூவாத்தாவும் எங்க கூடத்தான். டீசல் வாங்க சென்னியப்பன் மூலனூர் போயிட்டான், அன்னைக்கு ஓட்டம் இல்லை. தோட்டத்து நடுவுல பெரிய கெணறு, சுத்துச் செவுரு இல்லாத பழைய கல்லுக்கெணறு, மழை பேஞ்சு மேல் வரைக்கும் தண்ணி. உச்சிப்பொழுதுக்குச் சித்த முன்னால இட்டேரிப் பக்கம் இருந்து வண்டிச் சத்தம் வந்துச்சு. "நாளைக்கு அர்த்தனாரிக்குத்தான் உழவு"ன்னு யாரோ சொன்னாங்க. வெங்காயம் நிக்கற காட்டுல என்ன உழவுன்னு நான் நெனைச்சு முடிக்கலை, சத்தம் எங்களைத் தாண்டிக் கெணத்து மேட்டுல ஏறுச்சு. கியர் மாறுச்சு. இன்னொரு வாட்டி மாறுச்சு. அப்பறம் இஞ்சின் ஒரே எடத்துல நின்னுக்கிட்டு உறும ஆரம்பிச்சுச்சு, முன்னாலயும் போகாம பின்னாலயும் வராம சக்கரம் சேத்துல சுத்தற உறுமல்.

எங்களுக்குப் புரிஞ்சு போச்சு. களைக்கொத்தைப் போட்டுட்டுக் காதைப் பொத்திக்கிட்டு நாங்க ஊரைப் பாத்து ஓடினோம், அய்யோ அய்யோன்னு கத்திக்கிட்டே ஓடினோம், எங்க கத்தல்ல மிச்சத்தை நாங்க கேக்கலை. பூவாத்தா மட்டும் ஓடலை. வெங்காயப் பாத்தி நடுவுல நின்னுக்கிட்டு, கல்லு சரியறதும், தண்ணி மேல வண்டி உழுகறதும், இஞ்சின் தண்ணியைக் குடிச்சு அடங்கறதும் வரைக்கும் ஒண்ணு உடாமக் கேட்டுட்டுத்தான் வந்தா.

சென்னியப்பன் டீசல் கேனோட வந்து எறங்கறப்ப ஊரே அவன் வாசல்ல நின்னுச்சு. விசயத்தைச் சொன்னதும், "அட, வண்டிக்கும் தாகம் எடுக்காதா"ன்னான். ஒருத்தரும் சிரிக்கலை. பீடியை எடுத்தான், பத்த வெக்காமயே மறுபடியும் மடியில சொருகிக்கிட்டான்.

வண்டியை இன்னைக்கே வித்துப்போடுன்னான் ஒருத்தன். டீசலை எறக்கி உட்டுரு, சக்கரத்தைக் கழட்டிப்போடுன்னான் இன்னொருத்தன். நீ இப்பவே பஸ் ஏறித் திருப்பூருக்குப் போயிருடான்னு அர்த்தனாரி கையைப் புடிச்சு இழுத்தான். குழந்தவேலு மட்டும் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "நானும் ரெட்டை முள்ளாத்தான் அடைச்சேன். கடைசியில என் கையாலதானே வெட்டினேன்"னான்.

ஆள் போயி ஜெய்லானி பாயைக் கூட்டிக்கிட்டு வந்துச்சு. அவரு வந்த வேகத்துல பேசாம மூடியைக் கழட்டினாரு. பல்சக்கரத்துல ஆயிலைத் தொடைச்சா, ஒரு பல்லு ஓரத்துல இன்னும் செவப்பா குங்குமம். அந்தப் பல்லைத் தொட்டுப் பாத்தாரு, அடுத்த பல்லைத் தொட்டுப் பாத்தாரு, அடுத்த பல்லோட அடியில, துணி போகாத சந்துல, துளியூண்டு வெள்ளைப் பெயிண்ட்டு. "தங்கச்சி, பூசைக்கு முந்தி இதையெல்லாம் வெளக்கினியாம்மா?"ன்னாரு.

பூவாத்தா அப்படியே மண்ணுல உக்காந்து தலையில அடிச்சுக்கிட்டா. "வெள்ளையா ஒட்டிக்கிட்டிருந்துச்சுங்க பாய், காக்கா எச்சம்னு நெனைச்சுத் தேய்ச்சுப்போட்டேன். என் கையால நானே வெச்சனே, என் புருசனுக்கு நானே வெச்சனே"ன்னு அழுதா. "தொடைச்சுப் பாக்காம மாட்டினது நானும்மா, என் தப்பு"ன்னு பாயும் கண்ணைத் தொடைச்சாரு. அரை நாள் குடுக்க மாட்டேன்னவங்க நாங்க.

"ஒரு பல்லு பின்னால தள்ளி மாட்டினா முடிஞ்சுது, இப்பவே மாட்டிடறேன்"னு பாய் ஸ்பேனரை எடுத்தாரு. பூவாத்தா அவரு கையைத் தடுத்துட்டா.

"வேண்டாங்க பாய். கேட்டது கேட்டதுதான், அது நாளைக்கு வந்தே தீரும். இப்ப மாட்டினா வண்டி தன்னால கத்தும், அந்தக் கத்தல்ல எது எப்ப நடக்கும்னு எனக்குத் தெரியாமப் போயிரும். மாட்டாம இருந்தா, நாளைக்கு நடக்கப்போறது மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் எனக்கு மனப்பாடம்."

"வண்டியை மட்டும் தள்ளி உட்டுரலாமே புள்ள"ன்னு நான்தான் சொன்னேன்.

"ரெண்டு வாட்டி கியர் மாறுச்சுங்கக்கா. ஆள் இல்லாம கியர் மாறாது."

எல்லாரும் சென்னியப்பனைப் பாத்தோம். "அப்ப ஆள் நாந்தான், என் சீட்டுல வேற எவனை உக்கார உடுவேன்?"னான். அப்பறம் மெதுவா, பொண்டாட்டிக்கு மட்டும் சொல்ற மாதிரி, "எனக்கு அது கேக்காது பூவா. சக்கரம் எங்க எறங்குது, எப்பச் சறுக்குதுன்னு ஒண்ணும் தெரியாது. குருடன் மாதிரித்தான் ஓட்டோணும்"னான்.

"தெனமும் முன்னால நடந்து கத்தறவ நான்தானே. நாளைக்கும் கத்தறேன். நான் குதிங்கன்னு சொன்னாக் குதிச்சுருங்க"ன்னா அவ.

மறுநாள் ஊர்ல எந்தப் பக்கமும் சத்தம் இல்லை. அதுக்கு அடுத்த நாள் வண்டி கிடையாதுன்னு அதுக்கு அர்த்தம், அது எங்களுக்குத் தெரியும், தெரிஞ்சும் காலையில இருந்து எல்லாக் காதும் எதையோ தேடிக்கிட்டே இருந்துச்சு. அடுப்புப் பத்த வெக்கலை. உச்சிப்பொழுதுக்கு முன்னால சென்னியப்பன் குளிச்சு, வெள்ளை வேட்டி கட்டி, பச்சை பெல்ட்டை இறுக்கி, சீட்டுல ஏறி உக்காந்தான். பூவாத்தா முன்னால நடந்தா. "வண்டி வருது, வண்டி வருது"ன்னு அவ சொல்றது அன்னைக்கு யாரையும் ஒதுங்கச் சொல்ற மாதிரி இல்லை.

இட்டேரி தாண்டித் தோட்டத்துக்குள்ள வந்ததும் அவ திரும்பி நின்னு, அவன் மூஞ்சியைப் பாத்துக்கிட்டே பின்னால பின்னால நடந்தா. நேத்துக் கேட்டதை வாயாலயே பண்ண ஆரம்பிச்சா. டக்டக்டக்குனு நாக்கால தட்டினா, மேடேறறப்ப குரலை ஒசத்தினா, "இப்ப கியரு"ன்னா, அவன் மாத்தினான், மறுபடியும் தட்டினா, "இப்ப இன்னொண்ணு"ன்னா, மாத்தினான். ஊரே கெணத்து மேட்டுல ரெண்டு பக்கமும் நின்னுச்சு, ஒரு தும்மல் இல்லை, ஒரு இருமல் இல்லை, அவ நாக்குச் சத்தம் மட்டும். முன்சக்கரம் கெணத்து ஓரக் கல்லு மேல ஏறுச்சு. பின்சக்கரம் சேத்துல சுத்த ஆரம்பிச்சுச்சு, சேறு எங்க மேல வந்து அடிச்சுச்சு, சத்தம் மட்டும் இல்லை.

பூவாத்தா உறுமினா. ர்ர்ர்ர்னு அடிவயித்துல இருந்து ஒரு உறுமல், நடுவுல ஒரே ஒரு சொல்லு: "குதிங்க!"

சென்னியப்பன் எந்திரிச்சான், காலைத் தூக்கினான், அப்படியே பின்னால இழுத்து உக்கார வெச்ச மாதிரி உழுந்தான். வேட்டி கியர் ராடுல சுத்திக்கிச்சு. இழுத்தான், வரலை. வேட்டியை உருவலாம்னா மேல பெல்ட்டு. பக்கிளைப் புடிச்சான், வேர்வையில வெரல் வழுக்குச்சு. வண்டி மூக்கு கெணத்துக்குள்ள சாயுது, முன்சக்கரத்துக்கடியில ஒரு கல்லு பேந்து உள்ள போறதைக் கண்ணால பாத்தோம், காதுல கேக்கலை. "பெல்ட்டைக் கழட்டுப்பா, பதறாதே, பெல்ட்டைக் கழட்டு"ன்னு பாய் கத்தறாரு. அர்த்தனாரி ஓடிப் போயிப் பின்பக்கம் கொக்கியைப் புடிச்சுத் தொங்கறான், ஒரு மனுசன் தொங்கி டிராக்டரு நிக்குமா? குழந்தவேலு அண்ணனைப் பின்னால இழுக்கறான், நாங்க வாயில துணியை அடைச்சுக்கிட்டு நிக்கறோம்.

பூவாத்தா உறுமறதை உடலை. கண்ணை அவன் மேல வெச்சுக்கிட்டு உறுமினா, மூச்சு தீந்ததும் மூச்சை உள்ள இழுத்துக்கிட்டே உறுமினா, கழுத்து நரம்பெல்லாம் பொடைச்சு, மூஞ்சி கருத்து, கண்ணுல தண்ணி கொட்ட உறுமினா. வண்டி சாஞ்சபடியே நின்னுச்சு. பக்கிள் ஒரு பக்கம் கழண்டுச்சு, மறுபடியும் மாட்டிக்கிச்சு. அவ உறுமினா. அவன் பல்லால கடிச்சு இழுத்தான். அவ தொண்டை கிழிஞ்சு, உறுமல் வெறும் காத்தாட்டம் ஆயிருச்சு, அப்பவும் நிறுத்தலை. பெல்ட்டு அவுந்துச்சு. வேட்டியும் பெல்ட்டும் வண்டியோடயே நிக்க, பட்டாபட்டி டவுசரோட சென்னியப்பன் பின்பக்கமாப் பாஞ்சு, சேத்துல எங்க காலடியில வந்து குப்புற உழுந்தான்.

பூவாத்தா வாயை மூடினா. அந்த நிமிசமே வண்டி போச்சு. கல்லு சரிஞ்சு, மொத்த வண்டியும் தலைகீழாப் போயி, தண்ணி பனை ஒசரம் எந்திரிச்சு எங்களையெல்லாம் நனைச்சுட்டு எறங்குச்சு, ஒரு துளிச் சத்தம் இல்லை. கொப்புளம் மட்டும் வந்துக்கிட்டே இருந்துச்சு. அதுவும் நின்னப்பறம் யாரோ சிரிச்சாங்க, யாரோ அழுதாங்க, பாய் தன் தோள் துண்டை எடுத்துச் சென்னியப்பன் இடுப்புல சுத்தி உட்டாரு.

கிரேன் கொண்டாந்து வண்டியைத் தூக்கினதும், பாய் ஒரு பல்லு தள்ளிச் சரியா மாட்டினதும், சாவியைத் திருப்பினதும் அது காது கிழியக் கத்தினதும், எனக்கு மொதல்ல உனக்கு மொதல்லன்னு எங்க சண்டை மறுபடியும் ஆரம்பிச்சதும் எல்லாம் பொறகு. அன்னைக்குக் கெணத்து மேட்டுல பூவாத்தாளுக்குத் தண்ணி குடுத்தோம், முழுங்க முடியலை, ரத்தமாத் துப்பினா. சென்னியப்பன் சேறோட நகந்து அவ பக்கத்துல வந்து உக்காந்தான்.

"ஏம்புள்ள, நேத்தும் அது இத்தனை நேரமா உறுமிச்சு?"ன்னான்.

அவ தலையை ஆட்டினா. குரலே இல்லை, காதைக் கிட்ட வெச்சாத்தான் கேக்குது.

"இல்லீங்க. நேத்துக் கொஞ்ச நேரந்தான். உங்க வேட்டி சிக்கினப்பவே அது முடிஞ்சு போச்சுங்க."

"அப்பறம்?"

"அப்பறம் நிறுத்த மனசு வரலீங்க."

எழவு ஊட்டுலயே எகத்தாளம் பேசறவன், அன்னைக்கு ஒரு வார்த்தை பேசலை. அவ கையை எடுத்து மடியில வெச்சுக்கிட்டு, பொழுது சாயற வரைக்கும் உக்காந்திருந்தான்.